நான்காம் எண்ணின் பிழை

அண்ணாச்சி இறந்த அன்று பகல் பதினொரு மணிக்குள் கண்ணீர் அஞ்சலி பேனர் தயாராக வேண்டியிருந்தது. தென்காசியில் நான் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். அதனால் எங்கள் சங்கத்தார் என்னிடமே சொல்லிவிட்டார்கள். அவர் படத்தைத் திரையில் பெரிதாக்கி, பின்னால் நின்ற வாழைமரத்தை வெட்டி எடுத்துவிட்டு நீல வானம் ஒன்றை வைத்தேன். வழக்கமாக இந்த மாதிரி வேலையில் கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பைத் துடைப்பேன், பல்லை வெளுப்பேன், கன்னத்துக் குழியை நிரப்புவேன். இவருக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஐம்பத்தொன்பது வயதில் முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. எனக்கு ஐம்பத்தைந்துதான், என் படம் வந்தால் அரை நாள் வேலை இருக்கும். செத்த மனிதரின் படத்தைப் பார்த்து இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தேன்.

ஒளிக்க ஒன்றுமில்லை. எனக்கு அவர் மேல் பதினோரு வருடமாகப் பொறாமை. பகை கிடையாது, ஒரு நாள்கூடச் சண்டை போட்டதில்லை. ஒரே பொட்டலத்தில் மிக்சர் தின்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய பைக் சத்தம் தெருமுனையில் கேட்டால் மற்றவர்கள் முகம் மலரும். எனக்கு வயிறு எரியும். அவ்வளவுதான்.

சங்கம் என்று நான் சொல்வது எட்டுப் பேர் கூடும் ஒரு கம்ப்யூட்டர் சங்கம். பதிவு, பலகை எதுவும் இல்லை. குத்துக்கல்வலசையில் எங்களில் ஒருவர் வீட்டு மாடியில் ஒரு அறை, அதற்கு வெளிப்படிக்கட்டு. அங்கே பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடங்கள் கழித்துப் போட்டது, ஆபீஸ்களில் எடைக்குப் போட்டது, டி.வி.யில் இணைத்து ஓட்டும் அந்தக் காலத்துப் பெட்டி என்று எல்லாம் உண்டு. ஞாயிறு பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அவற்றைப் பிரிப்போம், துடைப்போம், ஓட வைப்போம். எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. சீட்டு விளையாடுகிறவர்களிடம் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.

சேர்ந்த வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. இலஞ்சியில் கணக்கு டீச்சராக இருப்பவர் ஒன்று. ஓய்வுபெற்ற எஸ்.ஐ. சார் இரண்டு. நான் நான்கு. என் வேலை பூஞ்சை எடுப்பது. அருவி விழும் சீசன் நேரத்துச் சாரல் ஈரத்தில் இந்த ஊர் ஃபிளாப்பிகளில் பூஞ்சை பிடித்துவிடும். உறையைக் கீறி, உள்ளே இருக்கும் வட்டத்தகட்டை எடுத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, தகட்டில் கீறல் விழாமல் துடைக்க வேண்டும். அதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் பூஞ்சை எடுப்பவனைப் பார்த்து யாரும் கைதட்டுவதில்லை.

அண்ணாச்சி ஏழாவதாக வந்தவர். இலஞ்சிக்காரர். பரம்பரையாக நெல் விவசாயம் செய்யும் குடும்பம். பன்னிரண்டாவது முடித்ததும் பட்டாளத்துக்குப் போய் வயர்லெஸ் பிரிவில் இருந்துவிட்டு, பென்ஷனோடு திரும்பி வந்து வயலைப் பார்த்துக்கொண்டார். நான் இரண்டு வருடம் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவன். அவர் ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகப் படித்தவர். வந்த முதல் மாதமே என் மானத்தை வாங்கினார்.

மூன்று ஞாயிறாக ஒரு பெட்டியோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பவர் சப்ளையை மாற்றினேன், வயர்களைப் பற்றவைத்தேன், ஒவ்வொரு இணைப்பையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை. அன்று அவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு நேராக வந்திருந்தார். கீழே குழாயில் கால் சேற்றைக் கழுவிவிட்டு மேலே வந்தவர், பெட்டிக்குள் சற்று நேரம் எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு சிப்பின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினார். மெதுவாக ‘டக்’ என்று ஒரு சத்தம். சுவிட்சைப் போட்டதும் திரை எரிந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் என்னைப் பார்த்து, “நீரு எல்லாம் சரியாத்தான்வே பண்ணிருக்கீரு. இது மட்டும் லேசா எந்திரிச்சு நின்னுது” என்றார்.

ஆறுதல் சொன்னாராம். கேலி செய்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

இனி எங்கள் பந்தயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வைகாசி பிறந்தால் ஒரே பேச்சு, சீசன் எப்போது தொடங்கும் என்பதுதான். அதைச் சங்கத்தில் ஒரு போட்டியாகவே வைத்திருந்தோம். ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர் விழும் முதல் நாள் எது? வைகாசி முதல் ஞாயிறன்று ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் தங்கள் எண்ணையும் ஒரு தேதியையும் எழுதி, காலி ஃபிளாப்பி டப்பாவில் போட வேண்டும். ஐந்தருவிப் பக்கம் பழக்கடை வைத்திருக்கும் ஒருவர்தான் நடுவர். அவர் போன் செய்து சொல்லும் நாளே நாள். பக்கத்தில் வந்தவர் ஜெயித்தவர்.

பணம் காசு கிடையாது. ஜெயித்தவருக்கு மாடி அறையின் சாவி. ஒரு வருடம் முழுவதும் அது அவரிடம்தான் இருக்கும். ஞாயிறு காலை மற்ற ஏழு பேரும் வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து அவர் வரவுக்காகக் காத்திருக்க வேண்டும். வெறும் இரும்புச் சாவி, ஒரு நீலச் சணல் கயிறு கோத்தது. அதற்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் இரண்டு வருடம் டீச்சரும் இன்னொருவரும் ஜெயித்தார்கள். மூன்றாம் வருடம் அண்ணாச்சி ஒரு புரோகிராம் எழுதி வந்தார். டி.வி.யில் ஓடும் அந்தப் பழைய பெட்டிக்கு, பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில், ஒரு ஃபிளாப்பியில். எல்லோரும் சீட்டுப் போட்ட பிறகு அவர் கடைசியாக உட்காருவார். முதலில் எங்கள் சீட்டுகளைப் பதிவுக்காக என்று சொல்லி ஒவ்வொன்றாக அதில் ஏற்றுவார். பிறகு புரோகிராம் அவரிடம் பன்னிரண்டு கேள்வி கேட்கும். காற்று எந்தத் திசை? மலை எத்தனை நாள் மூடியிருந்தது? கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர்? எறும்பு முட்டை தூக்குகிறதா? அவர் வயலில் வைத்து எழுதும் தடித்த நோட்டு ஒன்று உண்டு, அதைப் புரட்டிப் புரட்டிப் பதில் அடிப்பார். கடைசியில் திரை ஒரு நிமிடம் இருண்டு கிடந்து, ஒரு தேதியைக் காட்டும். அதுதான் அவருடைய சீட்டு.

அந்த வருடத்திலிருந்து, நடுவில் எஸ்.ஐ. சார் ஜெயித்த ஒரு வருடம் போக, எட்டு முறை சாவி அவரிடம்தான் போனது.

“விசாரணையே இல்லாம தீர்ப்பு சொல்லிருதாருவே” என்று எஸ்.ஐ. சார் சிரிப்பார். புரோகிராமைக் காட்டுங்கள் என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். “அது கைப்பக்குவம்வே. பாத்தா ருசி போயிரும்” என்று ஃபிளாப்பியை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். என் வீட்டிலோ அதற்கு மேல். “நீங்களும்தான் கம்ப்யூட்டர தட்டுதீங்க. அண்ணாச்சி மாதிரி ஒரு வருஷமாவது சரியா சொல்லப்பிடாதா?” என்பாள் என் மனைவி, சோற்றைப் போட்டுக்கொண்டே.

நான் ஒன்றும் குருட்டாம்போக்கில் எழுதுகிறவன் அல்ல. எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கத் தொடங்கினால் என் கடை வாசலில் கட்டிய பேனர் கிழியும். புதுப் பேனர் எத்தனை நாளில் கிழிகிறது, எந்த மூலையிலிருந்து கிழிகிறது என்று சித்திரை முழுக்கக் குறித்து வைப்பேன். மலைக்கு அந்தப்புறம் புனலூர்ப் பக்கமிருந்து வரும் பஸ் கண்டக்டர்களிடம் அங்கே மழை எப்படி என்று கேட்பேன். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து ஒரு தேதிக்கு வருவேன். வந்த பிறகு, அதோடு ஒரு நாலைந்து நாளைக் கூட்டிச் சீட்டில் எழுதுவேன். தையல்காரர் துணியில் இரண்டு விரல் விட்டுத் தைப்பது மாதிரி. முந்திச் சொல்லித் தோற்றவனை ஊர் அவசரக்குடுக்கை என்னும். பிந்திச் சொல்லித் தோற்றால் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இது எனக்குப் புத்திசாலித்தனமாகவே பட்டது.

ஜெயித்தவரை முன்னால் விட்டு எல்லோரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போவோம். அண்ணாச்சி எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தண்ணீர் கனமாக விழும் கிளைக்குக் கீழே நேராகப் போய் நிற்பார். கண்ணைக்கூட மூடமாட்டார். நான் ஓரமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோளில் மட்டும் படும்படி நிற்பேன். “உள்ள வாரும்வே, ஒண்ணும் செய்யாது” என்று அந்த இரைச்சலுக்குள்ளிருந்து கத்துவார். “இங்கனயே போதும்” என்பேன். “உமக்குக் கணக்கு உண்டு, தைரியம்தான் கெடையாது” என்பார். எட்டு வருடமும் இதே பேச்சு. அந்தத் தண்ணீருக்குக் கீழே நிற்கும் அவருடைய தோள்களைப் பார்த்துக்கூட நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

போன ஐப்பசி மழையில் அவருக்கு நெஞ்சில் கோளாறு வந்தது. அதன் பிறகு சங்கத்துக்கு வரவில்லை, ஞாயிறு காலை யாராவது போய் அவர் வீட்டிலிருந்து சாவியை வாங்கி வந்து திறப்போம். மாசியில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கேதம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் “நல்ல சாவு, நல்ல சாவு” என்றார்கள். அதிலும் அவர்தான் முதல்.

அவரைக் கிடத்தியிருந்த இடத்துக்கு டீச்சர் அழுதுகொண்டே போய், சட்டைப் பையில் ஒரு ஃபிளாப்பியை வைத்தார். இலஞ்சிச் சனமே ஒன்றும் புரியாமல் பார்த்தது, நாங்கள் ஏழு பேரும் உடைந்துபோனோம். என் மனைவி சொந்த அண்ணன் போனதுபோல விசும்பினாள். எனக்கும் கண்ணீர் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அது முழுக்க அவருக்காக வந்ததல்ல. நாளைக்கு நான் போனால் என் பையில் யார் எதை வைப்பார்கள் என்று ஓடியது. பஞ்சும் ஸ்பிரிட்டும் வைப்பார்களாக்கும். அப்புறம் பார்த்தேன், டீச்சர் வைத்தது லேபிள்கூட ஒட்டாத புது ஃபிளாப்பி. அந்த நேரத்திலும் அது என் கண்ணில் பட்டது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். சித்திரைக் கடைசி ஞாயிறன்று சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். இந்த வருடப் போட்டியில் அண்ணாச்சியும் இருக்க வேண்டும். அவருடைய புரோகிராமை ஓட்டி அது சொல்லும் தேதியை அவர் சீட்டாக வைத்துக்கொள்ள வேண்டும். அது ஜெயித்தால் சாவி எப்போதைக்குமாக அவர் வீட்டிலேயே இருக்கும், யாராவது போய் வாங்கி வந்து திறக்க வேண்டும், வருடா வருடம் போட்டி பெருமைக்காக மட்டும் நடக்கும், அவரும் அதில் இருப்பார். வேறொருவர் ஜெயித்தால் அவருக்குப் போகும், அடுத்த வருடம் முதல் அண்ணாச்சி போட்டியில் கிடையாது. எஸ்.ஐ. சார் சொல்ல, டீச்சர் ஆமோதிக்க, நானும் கையைத் தூக்கினேன்.

உயிரோடிருக்கும்போது அவரை முந்த முடியவில்லை. இப்போது ஒரே ஒரு சந்தர்ப்பம் மிச்சம் இருந்தது. எனக்கு அந்தச் சாவி வேண்டும். வேறு எதுவும் என் மனதில் இல்லை.

ஃபிளாப்பியை வாங்கி வரும் வேலை என்னிடம் வந்தது, ஆறு மாதம் தொடாமல் கிடந்ததில் பூஞ்சை பிடித்திருக்கும் என்று. இலஞ்சிக்குப் போனேன். மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். சாவி சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“சாவியையும் கொண்டுட்டுப் போறீங்களா தம்பி?” என்று கேட்டார்.

“இருக்கட்டும் மதினி. போட்டி முடியட்டும்.”

“சீசன் வருதுன்னா அவிய என்கிட்ட ஒங்களப் பத்திதான் பேசுவாவ. தம்பி இந்த வருசம் என்ன தேதி எழுதப் போறாரோ, என்ன தேதி எழுதப் போறாரோன்னு. எதுக்குன்னு எனக்குத் தெரியல.”

கேலி பேசத்தான், வேறெதற்கு என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

கடையில் மத்தியானம் ஆள் இல்லாத நேரம் பார்த்து உறையைக் கீறினேன். தகட்டில் ஓரமாக வெள்ளைப் பூஞ்சை. ஒரு மணி நேரம் துடைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிடக் கவனமாக நான் எதையும் துடைத்ததில்லை. நன்றாக வர வேண்டும் என்ற அக்கறை பாதி, உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று பார்க்கும் வெறி பாதி. எங்கள் பெட்டியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லிக் கடைக்குக் கொண்டுவந்திருந்தேன். ஃபிளாப்பியைப் போட்டு, புரோகிராமை ஏற்றி, ஓட்டாமல், அதன் வரிகளைக் காட்டும்படி கட்டளை கொடுத்தேன். ஒன்பது வருட ரகசியம் திரையில் மேலே ஏறியது.

முதலில் எங்கள் சீட்டுகளை வாங்கும் வரிகள். பிறகு அந்தப் பன்னிரண்டு கேள்விகள். காற்றை ஒரு இடத்தில் வாங்குகிறது, கிணற்றை ஒரு இடத்தில், எறும்பை ஒரு இடத்தில். வாங்கியதை என்ன செய்கிறது என்று தேடினேன். ஒன்றும் செய்யவில்லை. மேலும் கீழுமாக நாலு தடவை பார்த்தேன். பன்னிரண்டு பதிலையும் வாங்கிக் கிடப்பில் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. நோட்டு, எறும்பு முட்டை எல்லாம் வெறும் வேஷம்!

சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பிடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இதை டி.வி.யில் போட்டு டீச்சருக்கும் எஸ்.ஐ. சாருக்கும் வரி வரியாகக் காட்டினால் போதும். எட்டு வருடக் கொட்டம் எட்டு நிமிடத்தில் அடங்கிவிடும். மனதுக்குள் நான் பேச வேண்டியதைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

அப்புறம்தான், அப்படியானால் தேதி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி வந்தது. கடைசி வரிகளுக்குப் போனேன். கணக்கு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். நான்காம் எண் எழுதிய தேதியை எடு. அதிலிருந்து ஒரு சராசரியைக் கழி. திரையில் காட்டு.

நான்காம் எண் நான்.

எதன் சராசரி? அதற்குக் கீழே ஒரு டேட்டா வரி. புரோகிராம் பயன்படுத்தும் எண்களை அந்த மாதிரி வரியில்தான் எழுதி வைப்பார்கள். ஆறு, ஐந்து, ஐந்து, நான்கு, ஏழு, ஐந்து, ஐந்து, ஆறு, நான்கு, ஐந்து, ஐந்து. பதினோரு எண்கள். பதினோரு வருடம் நான் எத்தனை நாள் பிந்திச் சொல்லித் தோற்றேன் என்பதன் கணக்கு. ஐந்தாவதாக இருந்த ஏழு என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மகளின் கல்யாணம் நடந்த வருடம் அது. எதைப் பார்த்தாலும் பயந்துகொண்டிருந்தேன், தேதியிலும் கூடக் கூட்டிவிட்டேன். எஸ்.ஐ. சார் ஜெயித்த வருடமும் அதுதான். நான் வழக்கத்துக்கு மேல் பயந்ததால் அண்ணாச்சி தோற்றிருக்கிறார்.

கடைசியில் ஒரு குறிப்பு வரி இருந்தது. புரோகிராமுக்குத் தேவையில்லாத, படிக்கிறவருக்காக எழுதும் வரி. ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்திருந்தார். ‘நாலாம் நம்பர் கணக்கு சரி. பயத்துல நாள் கூட்டுதாரு. கழிச்சுக்கணும்.’

கடைக்கு யாரோ வந்து ஜெராக்ஸ் கேட்டார்கள். மெஷின் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினேன்.

என்ன நினைத்தேன் என்று ஒழுங்காகச் சொல்ல முடியாது. முதலில் வந்தது கோபம். என் கணக்கைத் திருடி எட்டு வருடம் சாவியை ஆட்டிக்கொண்டு வந்திருக்கிறார், நான் படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! பிறகு, சொல்லத்தான் செய்தார் என்பது நினைவுக்கு வந்தது. அருவிக்குள்ளிருந்து வருடா வருடம் கத்தினார். எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை. அதற்கும் பிறகு வந்ததுதான் பெரிய வேதனை. பேனரும் கண்டக்டரும் பதினோரு வருடமும் என்னிடம் சரியான தேதியைத்தான் சொல்லியிருந்தார்கள். என்னை நானே நம்பியிருந்தால் அந்தச் சாவி என் வீட்டு ஆணியில் தொங்கியிருக்கும். நான் நம்பவில்லை. அவர் நம்பியிருக்கிறார். டீச்சர் ஒரு வருடம் இருபது நாள் முந்துவார், மறு வருடம் பத்து நாள் பிந்துவார். என் பிழை மட்டும்தான் வருடா வருடம் ஏறக்குறைய ஒரே அளவு, அதனால் எட்டுப் பேரில் அண்ணாச்சி தேர்ந்தெடுத்த ஆள் நான். இதைக் கண்டுபிடித்த மூளையின் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. என்னை எனக்குத் தெரிந்ததைவிட அவருக்குத் தெரிந்திருக்கிறதே என்று அழுகையும் வந்தது.

வைகாசி முதல் ஞாயிறு. மதினியிடம் சாவியை வாங்கி வந்து எஸ்.ஐ. சார் அறையைத் திறந்தார். நான் செய்த பேனரை மடித்து அண்ணாச்சியின் நாற்காலியில் விரித்திருந்தார்கள். சீட்டுகளைக் கொடுத்தார்கள்.

என் கணக்கில் வந்த தேதி வைகாசி இருபத்தாறு. கூட்டாமல் அதையே எழுதினால் போதும். புரோகிராம் அதிலிருந்து ஐந்தைக் கழித்து இருபத்தொன்று என்று தப்பாகச் சொல்லும். நான் ஜெயிப்பேன், அண்ணாச்சி போட்டியை விட்டே போவார். பென்சிலால் இருபத்தாறு என்று எழுதினேன். முதல் தடவையாக ஒரு பயமும் இல்லாமல் எழுதினேன். எழுத்துகூட நேராக வந்திருந்தது.

அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்தொன்று வந்து போய், ஐந்தருவி காய்ந்து கிடந்தால், ஆளோடு சேர்ந்து புரோகிராமும் போச்சு என்பார்கள். நாலு நாள் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். அது ஏன் தப்பியது என்று எனக்கு மட்டும் தெரியும். என்னை நம்பி ஒருவர் எழுதிய புரோகிராம் உலகத்தில் அது ஒன்றுதான். அதை நானே பொய்யாக்க வேண்டும். கைக்கு எட்டிய சாவிதான், ஆனால் மனம் ஒப்பவில்லை.

“என்ன சார், இன்னுமா எழுதலை?” என்றார் டீச்சர்.

ரப்பரை வாங்கி இருபத்தாறை அழித்தேன். முப்பத்தொன்று என்று எழுதி டப்பாவில் போட்டேன்.

எஸ்.ஐ. சார் சீட்டுகளை ஏற்றினார். பன்னிரண்டு கேள்வி வந்தது. மதினி கொடுத்தனுப்பிய நோட்டை வைத்துக்கொண்டு டீச்சர் பயபக்தியோடு ஒவ்வொரு பதிலாகச் சொன்னார். கிணற்றுத் தண்ணீருக்கு மட்டும் போன் போட்டு மதினியை எட்டிப் பார்க்கச் சொன்னார்கள். எறும்புக்கு எல்லோரும் கூடி வாதாடினார்கள். திரை இருண்டு, பிறகு வைகாசி இருபத்தாறு என்றது.

“அண்ணாச்சி சொல்லிட்டாருவே” என்றார் எஸ்.ஐ. சார்.

இருபத்தாறாம் தேதி மூன்று கிளையில்தான் விழுந்தது. மறுநாள் காலை பழக்கடைக்காரர் போன் செய்தார். “அஞ்சுலயும் விழுதுவே, கிளம்பி வாங்க!” பின்னால் இரைச்சல் கேட்டது. ஒரு நாள் வித்தியாசம். அண்ணாச்சி ஒன்பதாவது முறையாக ஜெயித்தார்.

மத்தியானம் எல்லோரும் போனோம். யார் முதலில் இறங்குவது என்று தெரியாமல் நின்றார்கள். நான் கம்பியை விட்டுவிட்டுக் கனத்த கிளைக்குக் கீழே போனேன். தலையில் அறைந்தது, மூச்சு முட்டியது, இரண்டு நிமிடம் தாங்கவில்லை. வெளியே வந்து இருமிக்கொண்டிருந்தபோது, “கொண்டாட்டத்தப் பாரு, ஜெயிச்சவரு மாதிரி” என்று எஸ்.ஐ. சார் முதுகில் தட்டினார். வந்த எரிச்சலை அடக்கிக்கொண்டேன். இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

சாவி இலஞ்சியில் அதே ஆணியில் தொங்குகிறது. ஃபிளாப்பி பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது என்று தீர்மானம் ஆகிவிட்டது. அந்த ஞாயிறு, மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே போன நேரத்தில், புரோகிராமைத் திறந்து டேட்டா வரிக்குப் போனேன். பதினோராவது எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கமா போட்டு, இந்த வருடத்து என் பிழையை அடித்தேன். நான்கு. தெரிந்தே செய்த முதல் பிழை.

அடுத்த வருடமும் நான் கூட்டித்தான் எழுதுவேன். நான் இருக்கும்வரை அவர்தான் ஜெயிப்பார்.